டோக்கன் இல்லாமல் எழுந்தவர்கள்

அமுதா சூப்பர்வைசரின் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது. இன்னொரு கை அடிவயிற்றில் இருந்தது.

மேஜைக்குப் பக்கத்துத் தூணில் ஓர் ஆணி. அதில்தான் டோக்கன் தொங்கும். உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிய தோல் துண்டு, அதன் மேல் பெயிண்டில் எழுதிய லைன் நம்பர். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் பாத்ரூமுக்குப் போக வேண்டும். ஒரு லைனுக்கு ஒன்றுதான். போனவள் திரும்பி வந்து ஆணியில் மாட்டிய பிறகுதான் அடுத்தவள் எழுந்திருக்கலாம்.

அன்று டோக்கன் ஆணியிலேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

“குடுங்க சார்.”

“இப்பதான போன?”

“அது காலைல சார்.”

“போர்டைப் பாரு. இந்த மணி நேரத்துக்கு எவ்ளோ கம்மியா நிக்குது பாத்தியா? முடிச்சுட்டுப் போ.”

“முடியல சார்.”

“அத வீட்ல போய்ச் சொல்லு.”

அமுதா திரும்பி வந்து எனக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். கன்வேயரில் வந்த ஷூவின் மேல்பாகத்தை எடுத்து மெஷினில் வைத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு பெடலை மிதித்தாள். அவள் வயிற்றில் நாலு மாதக் குழந்தை. லைனில் எல்லோருக்கும் தெரியும். அந்த சூப்பர்வைசருக்கும் தெரியும்.

சொல்யூஷன் பசை நெடி, தோல் நெடி, மெஷின் எண்ணெய் நெடி எல்லாம் சேர்ந்து மண்டையைக் குடையும் மத்தியான நேரம் அது. இன்றைக்கும் ஏதாவது செருப்புக் கடைக்குள் நுழைந்தால் அந்த வாசனையோடு எனக்கு அந்த ஆணிதான் ஞாபகம் வருகிறது. கூடவே கோபமும் வருகிறது. புதுச் செருப்பு வாங்கப் போன இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

எனக்கு அங்கே என்ன வேலை?

போன வாரம் இந்தத் தொடரில் விடுதி நாட்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு பழைய வகுப்புத் தோழர் போன் செய்தார். அவரும் இப்போது போதகர்தான். “எஸ்தர், நம்ம இறையியல் கல்லூரியப் பத்தி நல்லதா ஒண்ணுமே எழுத மாட்டியா?” என்று கேட்டார்.

எழுதுகிறேன். முதலில் நல்லதையே எழுதுகிறேன்.

எங்கள் கல்லூரியில் நீளமான நடைக்கூடம் ஒன்று உண்டு. இரண்டு பக்கச் சுவரிலும் பழைய படங்கள். பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்களோடு குடம் தூக்கிக்கொண்டு போன மாணவர்கள் ஒரு படத்தில். சபை விருந்தில் ஒரு சாதிக்குத் தனிப்பந்தி போட்டார்கள் என்பதற்காக இலையில் கை வைக்காமல் எழுந்து போன ஒரு வகுப்பு இன்னொரு படத்தில். பெண்களுக்குப் பள்ளி வைத்தவர்கள், கைம்பெண்களுக்கு வீடு கொடுத்தவர்கள், கொத்தடிமைகளை மீட்கப் போய் அடி வாங்கியவர்கள். எல்லாம் நிஜம். ஒரு வார்த்தை பொய் இல்லை.

பேரணாம்பட்டில் ஒரு சின்னத் தெருவிலிருந்து போனவள் நான். முதல் நாள் அந்த நடைக்கூடத்தில் நின்று ஒவ்வொரு படமாகப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம்ம ஜனத்துக்காக நின்றவர்கள் இத்தனை பேரா என்று நினைத்தேன். இங்கே படிக்க எனக்கு இடம் கிடைத்ததே பெரிய பாக்கியம் என்று நினைத்தேன்.

எங்களுக்குச் சமூகம் பற்றிய பாடம் எடுத்தவர் டாக்டர் அருள்தாஸ். ஐயா என்றுதான் அழைப்போம். நிலப் போராட்டத்தில் கைதாகிச் சிறைக்குப் போனவர். புருவத்துக்கு மேலே லத்தி அடித்த தழும்பு இருக்கும். பைபிளில் வருகிற, எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகளைப் பற்றி அவர் பேசினால் வகுப்பில் அழாதவர்கள் கிடையாது. “ஆலயத்துக்குள்ள இல்ல, தெருவுல நிக்கிறதுதான் சபை” என்பார். அதை நாங்கள் அட்டையில் எழுதி அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தோம்.

கடைசி வருடத்துக்கு முந்தின வருடம் எல்லோரும் ஒரு பருவம் வெளியே போய் உழைக்கிற மக்களோடு இருக்க வேண்டும். அதற்கு எங்கள் கல்லூரி வைத்த பெயர் ‘எக்ஸ்போஷர்’. ஒருவன் செங்கல் சூளைக்குப் போனான். ஒருத்தி மீனவர் குப்பத்துக்குப் போனாள். எனக்கு ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனி.

நான் ஐயாவிடம் போய்க் கேட்டேன். “ஐயா, எங்கப்பா தோல் பதனிடற ஷாப்புல சுண்ணாம்புத் தொட்டில நின்னவரு. கால் ரெண்டும் வெந்து போயிருக்கும். அந்த நாத்தத்துலதான் நான் பொறந்து வளந்தேன். எனக்கு எதுக்கு ஐயா எக்ஸ்போஷர்?”

அவர் சிரித்தார். “உன் அனுபவத்தையே நீ வெளிய நின்னு பாக்கணும்மா. அதுதான் இறையியல்.”

வெளியே நின்று பார்க்கிற வசதி எங்கப்பாவுக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை. அதை அன்று சொல்லத் தோன்றவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்தக் கம்பெனியில் என்னைச் சேர்த்துக்கொண்டவர் மேனேஜர் ஞானராஜ். ஆம்பூர் பக்கத்துச் சபை ஒன்றின் செயலர் அவர்தான். எங்கள் கல்லூரியின் நிர்வாகக் குழுவிலும் உறுப்பினர். சபை வளாகத்திலேயே எனக்கு ஓர் அறை கொடுத்தார். “நல்லா கத்துக்கோம்மா. தொழிலாளர் மேல கர்த்தருக்கு ரொம்ப அக்கறை” என்று வாழ்த்தி அனுப்பினார்.

பாஸ்டரம்மா

நான் யார் என்பதை முதல் வாரமே பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டேன். மறைத்து வைத்து வேலை செய்ய எனக்குப் பிடிக்கவில்லை.

முதலில் சிரித்தது பர்வீன். லைனில் மூத்தவர். வீட்டில் உருது, வெளியே தமிழ். இரண்டிலும் நாக்கு கத்தி மாதிரி இருக்கும். “பாதிரியாருக்குப் படிக்கிற பொண்ணுக்கு இங்க இன்னா வேலை? ஜெபம் பண்ணி டார்கெட்ட கம்மி பண்ணு பாப்போம்” என்றார். அன்றிலிருந்து லைன் முழுவதற்கும் நான் பாஸ்டரம்மா.

அமுதா என்னைவிடச் சின்னவள். பேரணாம்பட்டுக்கு அந்தாண்ட ஒரு கிராமம். விடியும் முன்பே கம்பெனி பஸ் பிடித்து வருவாள். அவள் புருஷன் குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டுகிறவன். அதிகம் பேச மாட்டாள். சாப்பாட்டு நேரத்தில் எலுமிச்சை சாதத்தை டப்பா மூடியில் வைத்து என் பக்கம் தள்ளுவாள். அவ்வளவுதான் அவள் பேச்சு.

எல்லோரிடமும் தண்ணீர் பாட்டில் இருக்கும். காலையில் நிரப்பிக் கொண்டுவந்த பாட்டில் மாலையில் அப்படியே வீட்டுக்குத் திரும்பும். முதல் இரண்டு நாள் எனக்கு அது விளங்கவில்லை. மூன்றாவது நாள் நான் மடமடவென்று குடித்ததைப் பார்த்து பர்வீன் என் கையிலிருந்து பாட்டிலை வாங்கி மூடினார்.

“வாய நனச்சுக்க. குடிக்காத. குடிச்சா அவன்கிட்ட போய் நிக்கணும்.”

கோடைக்காலம். தகரக் கூரை. உதடு வெடித்த பெண்கள் முழு பாட்டிலைக் காலடியில் வைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். பாலும் தேனும் ஓடுகிற வாக்குத்தத்த தேசத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தாகத்தோடு இருப்பதைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை.

அமுதா விழுந்த நாள்

டோக்கன் கேட்டு அவள் திரும்பி வந்த அன்று மாலை உடம்பு கொதித்தது. மறுநாளும் வந்தாள். வராவிட்டால் அந்த மாத அட்டெண்டன்ஸ் படி போய்விடும். காலை டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு, மெஷினில் தலை சாய்த்தவள் அப்படியே ஸ்டூலோடு சரிந்தாள்.

தூக்கியபோது அவள் உடை நனைந்திருந்தது. அதில் ரத்தமும் இருந்தது.

கம்பெனி வேனில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நானும் பர்வீனும் கூடப் போனோம். வேனில் ஏறுவதற்கு முன் சூப்பர்வைசர் எங்களைப் பார்த்துக் கேட்டது இது: “ரெண்டு பேரு எதுக்கு?”

குழந்தை தங்கவில்லை.

டாக்டரம்மா எங்களை வெளியே கூப்பிட்டுக் கேட்டார். “இந்தப் பொண்ணு நாள் முழுக்கத் தண்ணியே குடிக்கிறதில்லையா? ரொம்ப நாளா அடக்கி அடக்கி இன்ஃபெக்‌ஷன் கிட்னி வரைக்கும் ஏறியிருக்கு. வயித்துல குழந்தைய வச்சுக்கிட்டு யாராச்சும் இப்படி இருப்பாங்களா?”

பர்வீன் சுவரைப் பார்த்து நின்றார்.

அமுதாவின் புருஷன் செய்தி கேட்டு பஸ் பிடித்து வந்து சேர்ந்தான். வார்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றான். சட்டையில் நூல் பஞ்சு ஒட்டியிருந்தது. அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போகப் பர்வீன் போனபோது நான் அமுதாவின் கட்டிலருகே உட்கார்ந்தேன். அவள் கண்ணைத் திறந்தாள்.

“பாஸ்டரம்மா, நான் தண்ணி குடிச்சிருக்கணும் இல்ல?”

“நீ பேசாத.”

“என் தப்புதான். அம்மா சொல்லிச்சு, தண்ணி நெறையா குடின்னு.”

அந்த வார்த்தையை நான் இதுவரை எந்தப் பிரசங்கத்திலும் சொன்னதில்லை. வாய் வரவில்லை. குழந்தையைப் பறிகொடுத்த பெண், பறித்தவன் யார் என்று கேட்கவில்லை. என் தப்பு என்றாள். அந்த ஆணியை அடித்தவன், டார்கெட் போர்டை மாட்டியவன், அதற்குக் கையெழுத்துப் போட்டவன் எல்லோரும் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போவார்கள். இவள் மட்டும் விட்டத்தைப் பார்த்து, குடிக்காத தண்ணீரை எண்ணிக்கொண்டு கிடப்பாள்.

ஜெபம் செய்ய அவள் கையைப் பிடித்தேன். கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாருக்கும் ஒரே நேரத்தில்

மாலை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி ஏறிய கம்பெனி பஸ்ஸில், வழக்கமாகப் பாட்டுப் போடுகிற டிரைவர் அன்று போடவில்லை. பர்வீன்தான் முன்சீட்டிலிருந்து திரும்பினார்.

“நாளைக்கு எல்லாருக்கும் ஒரே நேரத்துல வரும்.”

“இன்னா வரும்?” என்று ஒருத்தி கேட்டாள்.

“பாத்ரூம்.”

ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் பஸ் முழுக்கச் சிரிப்பு. சிரித்துக்கொண்டே பாதிப் பேர் அழுதார்கள்.

“பாஸ்டரம்மா, நீ வருவியா? ஒனக்கு இதுல படிப்பு போய்டும்” என்று பர்வீன் கேட்டார்.

“எனக்கும் வரும்” என்றேன்.

மறுநாள் காலை, வேலை தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆனதும் பர்வீன் மெஷின் சுவிட்சை அணைத்தார். எழுந்தார். அடுத்த ஸ்டூல். அதற்கடுத்தது. நான் எழுந்தேன். எங்கள் லைன் முழுவதும் எழுந்து நின்றபோது கன்வேயரில் தோல் மட்டும் தானாக நகர்ந்து போய்க்கொண்டிருந்தது.

“எங்க போறீங்க? உக்காருங்க! எல்லாரும் உக்காருங்க!” சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

“பாத்ரூம் சார்” என்றார் பர்வீன்.

“எல்லாருமா?”

“அடக்குனா ஆஸ்பத்திரிக்குப் போறோம் சார். ஆஸ்பத்திரிக்குப் போனா உங்களுக்குத்தான் டார்கெட் போகுது.”

பர்வீன் ஆணியிலிருந்து டோக்கனை எடுத்து அவர் மேஜையில் வைத்தார். “இத நீங்களே வச்சுக்கங்க சார். உங்களுக்கு அவசரம்னா ஆவும்.”

பெண்களுக்கு இருந்தது மூன்று கதவு. வரிசை ஹாலைத் தாண்டி ஸ்டோர் வரைக்கும் நீண்டது. போக வேண்டிய தேவை இல்லாதவர்களும் நின்றார்கள். பயந்தவர்கள் முன்னால் நிற்பவளின் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யாரும் கோஷம் போடவில்லை. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பக்கத்து லைனில் ஒரு மெஷின் நின்றது. இன்னொன்று நின்றது. அவர்களும் எழுந்து வந்தார்கள். நாங்கள் கூப்பிடவே இல்லை.

மாடியிலிருந்து மேனேஜர் ஞானராஜ் இறங்கி வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் போன். வரிசையைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

“இத யாரு ஆரம்பிச்சது?”

வரிசை நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. “அமுதா சார்.”

“அமுதா யாரு? முன்னாடி வரச் சொல்லு.”

“ஆஸ்பத்திரில இருக்கா சார்.”

அவருக்குப் பெயர்கூடத் தெரியவில்லை. தன் கம்பெனியில், தன் கூரைக்குக் கீழே, முந்தின நாள் விழுந்தவளின் பெயர் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், நோயுற்றோர் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி உருக்கமாக ஜெபிக்கிறவர் அவர்.

அன்று மாலை கேட்டில் பர்வீனையும் இன்னும் சிலரையும் நிறுத்தி, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். அங்கேயே என் போன் அடித்தது. ஐயா.

“காலைல நான் ஜீப்ல வர்றேன். பெட்டியக் கட்டி வை.”

தேநீர்

ஐயா வந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இவர் சிறைக்குப் போனவர், விஷயத்தைச் சொன்னால் போதும், கம்பெனி வாசலில் போய் உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தேன். அவ்வளவு நம்பிக்கை. ஜீப்பில் ஏறி அமுதாவைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவர் கண் கலங்கியது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

“நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லல. ஆனா எதுக்கும் ஒரு முறை இருக்கும்மா.”

“முறை இருக்குன்னு வகுப்புல நீங்க சொல்லலையே ஐயா.”

“நீ அங்க கவனிக்கப் போனவ. கலந்துக்கப் போனவ இல்ல.”

ஜீப் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பும் என்று பார்த்தேன். ஞானராஜ் வீட்டு வாசலில் போய் நின்றது.

சோபா, கண்ணாடி மேஜை, சுவரில் வசனப் பலகை. தட்டில் தேநீரும் பிஸ்கட்டும் முந்திரியும் வந்தன. ஞானராஜ் என்னைத் திட்டவில்லை. தாழ்ந்த குரலில்தான் பேசினார்.

“நானும் காலனியிலேர்ந்து வந்தவன்தான் ஐயா. எங்கப்பாவும் தோல் ஷாப்புதான். இந்தப் பொண்ணப் பாத்தா என் தங்கச்சி மாதிரி. அதனாலதான் இடம் குடுத்தேன். இப்ப எனக்கு மேல இருக்கறவங்க, ‘ஒன் சர்ச்சு ஆளுதான தூண்டி விட்டது’ன்னு கேக்குறாங்க. நான் இன்னா பதில் சொல்றது?”

அவர் பொய் சொல்லவில்லை. அவர் அப்பாவும் என் அப்பாவும் ஒரே சுண்ணாம்பில் நின்றவர்கள்தான். என் கோபம் அதனால் இரண்டு மடங்கானதே தவிரக் குறையவில்லை. வெந்த காலைப் பார்த்து வளர்ந்தவன் அந்த ஆணியை அடிக்க எப்படி ஒப்புக்கொண்டான்?

“ஒரு சாரி சொல்லச் சொல்லுங்க. மேல பேசி முடிச்சுடுறேன். கல்லூரிக்கும் நமக்கும் இருக்கற உறவு கெட வேணாம்” என்றார்.

ஐயா என்னைப் பார்த்தார். “ஒப்புரவுன்னு ஒண்ணு இருக்கில்லம்மா, சமாதானமாப் போறது.”

நான் எழுந்தேன். காலையிலிருந்து அலைந்ததில் நிஜமாகவே அவசரமாக இருந்தது. “சார், பாத்ரூம் போகணும்” என்றேன்.

“இதெல்லாம் கேக்கணுமா? உள்ள போம்மா” என்றார் பெருந்தன்மையோடு.

அப்போதுதான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. “அமுதாவும் இப்படித்தான் சார் கேட்டா” என்றேன்.

நான் உள்ளே போனேன். வழவழப்பான டைல்ஸ், மடித்து வைத்த டவல், எலுமிச்சை வாசனை. குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதேன். துக்கத்தில் வந்த அழுகை இல்லை அது. எதையாவது உடைக்க வேண்டும் போலிருந்தது, உடைக்க முடியவில்லை, அதனால் வந்த அழுகை.

திரும்பி வந்து, “நான் சாரி சொல்ல மாட்டேன் சார். நீங்க அமுதாகிட்ட போய்ச் சொல்லுங்க” என்றேன்.

“இதுக்குத்தானா காணிக்கை குடுத்து இவங்களப் படிக்க வைக்கிறோம்?” என்று ஞானராஜ் ஐயாவைக் கேட்டார்.

ஐயா பதில் சொல்வார் என்று காத்திருந்தேன். தெருவில் நிற்பதுதான் சபை என்று சொன்ன வாய். அவர் தேநீர்க் கோப்பையில் படிந்த பாலாடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் ஜீப் கதவைத் திறந்து, “ஏறும்மா” என்றார்.

“நீங்க போங்க ஐயா.”

“உன் படிப்பு?”

“நீங்க சொல்லிக் குடுத்ததத்தான் ஐயா செய்றேன். இனிமே சொல்லிக் குடுக்காதீங்க.”

அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. ஜீப் போய்விட்டது. சபை வளாகத்து அறையை அன்றைக்கே பூட்டி என் பெட்டியை வெளியே வைத்துவிட்டார்கள். பர்வீன் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு, “எங்க வீட்ல எடம் கம்மிதான், வா” என்றார்.

படிக்கட்டில்

அடுத்து நடந்தது சாகசம் ஒன்றும் இல்லை. காத்திருப்பு. வேலை போனவர்களோடு தினமும் பஸ் ஏறி வேலூர் லேபர் ஆபீசுக்குப் போவோம். படிக்கட்டில் உட்காருவோம். இன்று அதிகாரி இல்லை, நாளை கம்பெனி ஆள் வரவில்லை. மாலை திரும்புவோம். பர்வீனின் மாமியார் எங்களுக்கு ரொட்டி சுட்டு வைத்திருப்பார்.

ஒரு நாள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது தோளில் பையோடு நாலைந்து பேர் வந்தார்கள். என் வகுப்பு. செங்கல் சூளைக்குப் போனவனும் மீனவர் குப்பத்துக்குப் போனவளும் இருந்தார்கள். முதல்வரிடம் கேட்டால் விட மாட்டார் என்று கேட்காமலே இரவு பஸ் பிடித்து வந்திருந்தார்கள். லாங் பஜாரில் இறங்கிச் சார்ட் பேப்பரும் வாழைப்பழமும் வாங்கி வந்தார்கள். பழத்தைப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டுப் படிக்கட்டிலேயே குனிந்து உட்கார்ந்து கோரிக்கைகளை எழுத ஆரம்பித்தார்கள். அன்றுதான் எனக்கு அந்த நடைக்கூடத்துப் படங்கள் புரிந்தன. கிணற்றுக்குக் குடம் தூக்கிக்கொண்டு போனவர்களையும் யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள். அவர்களும் கேட்காமல்தான் போயிருப்பார்கள். ஜெயித்த பிறகு படம் மாட்டியிருப்பார்கள்.

பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து போட்டோ எடுத்தார். செய்தி வெளியானது. ஷூ வாங்குகிற வெளிநாட்டு ஆட்கள் என்ன ஏது என்று கேட்டார்களாம். சில வாரங்களில் டோக்கனை எடுத்துவிட்டார்கள். வேலை போனவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், பர்வீனைத் தவிர. அந்த வட்டாரத்தில் எந்தக் கம்பெனியும் அவரை உள்ளே விடவில்லை. இன்றும் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, ஏஜெண்ட் கொண்டுவந்து போடுகிற ஷூ மேல்பாகங்களைக் கையால் தைக்கிறார். விரல் நுனியெல்லாம் ஊசிக் காயம்.

அமுதா கம்பெனிப் பக்கமே போகவில்லை. இப்போது ஒரு பெண் குழந்தை இருக்கிறது. பள்ளிக்குப் போகும்போது பையில் இரண்டு தண்ணீர் பாட்டில் வைத்து அனுப்புகிறாள் என்று அவள் புருஷன் சொன்னான்.

எனக்கு அந்த வருடம் களப்பணியில் தேர்ச்சி இல்லை. ஒழுங்கீனம் என்று காரணம் சொன்னார்கள். ஒரு வருடம் கூடப் படித்தேன். போதகராக அபிஷேகம் பெறுவதற்கு அதற்கு மேலும் காத்திருந்தேன்.

கைதட்டல்

இந்த வருடத் தொடக்கத்தில் கல்லூரியின் ஆண்டு விழாவுக்கு என்னை அழைத்தார்கள். ‘சமூகச் சீர்திருத்தத்தில் நம் கல்லூரி’ என்று ஒரு கருத்தரங்கு. நான் பேச வேண்டும். கூடவே விழா மலரையும் அனுப்பியிருந்தார்கள்.

பக்கத்தைப் புரட்டினேன். கிணற்றுப் படம், பந்திப் படம், அடுத்து லேபர் ஆபீஸ் படிக்கட்டுப் படம். என் வகுப்பு நண்பர்கள் நடுவில் இருந்தார்கள். பர்வீனின் முகம் பாதி வெட்டப்பட்டு ஓரத்தில் இருந்தது. கீழே, ‘கல்லூரியின் வழிகாட்டுதலில் ஆம்பூர் பெண் தொழிலாளர் போராட்டம்’ என்று போட்டிருந்தார்கள்.

வழிகாட்டுதல்!

பர்வீனைக் கூட்டிக்கொண்டுதான் போனேன். முதல் வரிசையில் ஐயா இருந்தார். ஓய்வு பெற்று, தலை முழுக்க நரைத்து, கைத்தடியோடு. அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி ஞானராஜ்.

எழுதிக்கொண்டு போனதைப் பேசவில்லை. இங்கே எழுதியதைத்தான் பேசினேன். ஆணி, டோக்கன், முழு பாட்டில், அமுதா, ஜீப், தேநீர். பெயர் சொல்லியே பேசினேன். “எங்களுக்கு நீங்கள் காட்டிய வழி கல்லூரிக்குத் திரும்பிப் போகிற வழி மட்டும்தான். அந்தப் படத்துக்குக் கீழே பொய் எழுதியிருக்கிறீர்கள்” என்றேன். கீழே எழுந்து கத்துவார்கள், மைக்கை அணைப்பார்கள் என்று எதிர்பார்த்தேன்.

கைதட்டினார்கள்.

எழுந்து நின்று கைதட்டினார்கள். ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார். ஞானராஜும் தட்டினார். முதல்வர் மைக்கை வாங்கி, “எப்பேர்ப்பட்ட தீர்க்கதரிசனக் குரல்! இப்படிப்பட்ட மகளை உருவாக்கியதில் இந்தக் கல்லூரி பெருமைப்படுகிறது” என்றார். ஒருவர் எனக்குச் சால்வை போட வந்தார். நான் வாங்கவில்லை. அதற்கும் தட்டினார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் பர்வீன் வெகுநேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு கேட்டார்.

“நீ அவங்களத்தான திட்டுன?”

“ஆமா.”

“எனக்குப் புரியாமப் போய்டுச்சோன்னு பாத்தேன். என்ன யாராச்சும் அப்படித் திட்டுனா நான் கைதட்ட மாட்டேன்பா. செருப்பக் கழட்டுவேன், இல்ல வெக்கப்பட்டு எந்திரிச்சுப் போவேன். இவங்களுக்கு ஒறைக்கவே இல்லையே.”

அவர் என் பக்கம் திரும்பினார்.

“நீ அவங்க பாஷையில திட்டுற. அதான் பிரசங்கம் மாதிரி இருக்குது. அடுத்த தடவ என்னப் பேசச் சொல்லு.”

மறுநாள் காலை முதல்வருக்குப் போன் செய்தேன். அடுத்த வருடம் அந்த மேடையில் பர்வீன் பேச வேண்டும், நான் கீழே உட்கார்ந்திருப்பேன் என்றேன்.

“நல்ல யோசனை. பாக்கலாம் பாஸ்டர்” என்றார்.

மாதங்கள் ஓடிவிட்டன. இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.